மஞ்சள் ஜோடி

தெருவில் அவளுக்குக் காடைக்காரி என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, கம்பிக் கூண்டுகள், முட்டை பொரிக்கிற பெட்டி. வாங்க வருகிறவர்கள் மஞ்சள் காடையைத்தான் கேட்டார்கள். கறுப்புக் கோடு விழுந்த பழுப்புக் காடைகளை ஒதுக்கிவிட்டு, மஞ்சள் சேவலோடு மஞ்சள் பெட்டையையே ஜோடி சேர்த்தாள்.

அதன்பிறகு பொரிப்பது குறைந்தது. டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால், நாலில் ஒரு முட்டையில் ரத்த வளையம் மட்டும் தெரியும். கரு தொடக்கத்திலேயே செத்திருக்கும்.

அவளுக்கும் இரண்டு முறை கரு தங்கவில்லை. நாத்தனார் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"உன் கைராசி அப்படி. முட்டையத் தொடாத, நான் பாத்துக்கறேன்."

"இந்தக் கையாலதான் அண்ணி உங்க தம்பிக்குச் சோறு போடறேன். தொப்பைதானே வளருது?"

கணவன் சிரித்தான்.

நாத்தனார் கையிலும் முட்டைகள் செத்தன. அதற்கும் இவள் பார்வை பட்டதுதான் காரணம் என்றாள். செத்த முட்டைகளை எடுத்துக்கொண்டு காடைக்காரி கால்நடை டாக்டரிடம் போனாள்.

"கையில என்னம்மா இருக்கு? கறுப்பு வராம தடுக்கிற ஒரு மாற்றம்தான் அதுங்கள மஞ்சளாக்குது. அதுவே கரு வளரத் தேவையான இன்னொன்னையும் எடுத்துடுது. தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் அதே வந்தா குஞ்சு முட்டையிலயே போயிடும். ஒரு பக்கம் பழுப்பா இருந்தா பிழைச்சுக்கும்."

"அப்ப பெட்டை மேல குத்தமில்ல?"

"தனித்தனியா ரெண்டுமே நல்ல பறவைங்கதான். ஜோடிய மாத்து, சரியாயிடும்."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"மனுஷங்களுக்கும் இப்படி உண்டா?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"சில பேருக்கு இருக்கலாம். ரெண்டு பேருமா போய்ச் சோதிச்சுப் பாக்கணும். நான் பறவைக்குத்தாம்மா டாக்டர்."

வீடு திரும்பி, மஞ்சள் சேவலோடு பழுப்புப் பெட்டைகளை விட்டாள். முட்டைகளை நாத்தனாரே பெட்டியில் வைத்தாள். அடுத்த முறை பெட்டி நிறையக் குஞ்சுகள். பாதி மஞ்சள், பாதி கோடு போட்டவை.

"பாத்தியாடா? இவ கை படலன்னா எப்படிப் பொரியுது!" என்றாள் நாத்தனார்.

கணவன் மனைவியைப் பார்த்தான். "டாக்டர் என்னதான் சொன்னார்?"

சொன்னால் கைமேல் விழுந்த பழி போய்விடும். ஆனால் ஜோடியை மாற்று என்ற பேச்சு இந்த வீட்டுக்குள் வந்தால் கூண்டோடு நிற்காது. முதலில் பிடித்துக்கொள்வது நாத்தனார்தான்.

"தீவனத்த மாத்தச் சொன்னார்."

தனியே விட்ட மஞ்சள் பெட்டை கம்பியோரம் நடந்தபடியே இருந்தது. நாத்தனார் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூண்டில் விட்டாள். காடைக்காரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.