வாடிப்பட்டி பஸ்ஸில் சாகாத பெண்

வாடிப்பட்டி பஸ்ஸில் தினமும் காலையில் முந்தைய நாள் சீரியலை வசனத்தோடு சொல்லிக்கொண்டு வருவார் ஓர் அம்மா. நெற்றி நிறையக் குங்குமம், மடியில் சாப்பாட்டுக் கூடை. வில்லி வரும் இடங்களில் கண்டக்டருக்கும் திட்டு விழும்.

ஒரு நாள் அந்தச் சீரியலை நானும் பார்த்தேன். அதில், பரீட்சையில் தோற்ற பிளஸ் டூ மாணவி இறந்துபோனாள், திட்டியவர்களெல்லாம் கதறினார்கள். மறுநாள் இவர் சொன்ன கதையிலோ, அவள் தன் அம்மாவிடம் போய், "மனசு சரியில்லம்மா" என்று அழுதாள்.

இறங்கும்போது கேட்டேன். "அந்தப் பிள்ள செத்துப்போச்சுல்லக்கா?"

முன் சீட்டில் கதை கேட்டுவந்த பள்ளிப் பெண்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "செத்தாத்தான் அம்புட்டுப் பேரும் அழுவாகன்னு காட்டுறாய்ங்க தம்பி. இதுக கேக்குதுகள்ல? நான் எப்படிச் சாகவிடுவேன்?"

சீரியல் முடிந்து மாதங்களாகின்றன. எங்கள் பஸ்ஸில் அவள் மனநல டாக்டரைப் பார்த்து, பாஸாகி, காலேஜுக்கே போய்விட்டாள். நேற்று ஹாஸ்டல் சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை என்று வார்டனோடு ஒரே சண்டை.