சிவப்பு அட்டை யார் வீட்டுக்கு?

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் அதிகம் வாழும் ஒரு தெருவில் இது நடந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் நாளிதழ் ஒன்றில் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருந்துவிட்டு, நான் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அறிவியல் தொடர்பு அலுவலராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இப்படி ஒரு வேலை உண்டா என்று என் உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். விஞ்ஞானிகள் கண்டறிவதை மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மக்களோடு நேரடியாக நான் நடத்திய முதல் நிகழ்ச்சி அது.

ஏற்பாடு எளிமையானது. ஒரு வாரம் முன்னதாக எங்கள் ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர் அந்தத் தெருவுக்குப் போய், வீட்டுக்கு ஒரு பாட்டில் குடிதண்ணீர் வாங்கி வந்தார்கள். ஆழ்துளைப் போர் உள்ள வீட்டில் போர் தண்ணீர், இல்லாத வீட்டில் குழாய்த் தண்ணீர். ஒவ்வொரு பாட்டிலிலும் வாசலில் இருந்த நீலத் தகட்டைப் பார்த்துக் கதவு எண்ணை எழுதி ஒட்டினார்கள். பரிசோதனை முடிவை ஞாயிறன்று அட்டையாகக் கொடுப்பதென்று முடிவானது. பச்சை என்றால் குடிக்கலாம். மஞ்சள் என்றால் வடிகட்டிக் குடிக்க வேண்டும். சிவப்பு என்றால் குடிக்கவே கூடாது, அதிலும் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அட்டையில் பெயர் வேண்டாம், கதவு எண் மட்டும் போதும் என்று சொன்னது நான். ஒரு வீட்டுத் தண்ணீர் மோசம் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

அந்தத் தெருவில் சிவப்பு அட்டை ஒன்றே ஒன்று. எண் பதினாலு. அந்தத் தண்ணீரில் நைட்ரேட் மிக அதிகமாக இருந்தது.

காலை பத்து மணிக்குத் தெருமுனைக் கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. ஆட்கள் மேசைக்கு வந்து எண்ணைச் சொன்னார்கள், நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குழப்பம் தொடங்கியது. இரண்டு பேர் வந்து எண்ணைச் சொன்னபோது அந்த அட்டைகளை யாரோ ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தார்கள். வீட்டில் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். எல்லோரும் போன பிறகு யாருமே கேட்காத இரண்டு அட்டைகள் என் கையில் மிஞ்சின. பத்திரிகையில் கணக்கு இப்படி இடித்தால் பக்கத்தை அச்சுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். அன்று மைக் என்னை அழைத்துக்கொண்டிருந்தது. அட்டைகளைப் பையில் போட்டுவிட்டு மேடை ஏறினேன்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் ஒரு நெசவாளர். என் வயதுதான் இருக்கும். கையில் சிவப்பு அட்டை.

"எங்க வீட்ல குடிக்கிறது கார்ப்பரேஷன் தண்ணி மேடம். அதுக்கா சிவப்பு?"

எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. ஆனால் வாய் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டது. குழாய் பழையதாக இருக்கலாம், பக்கத்திலேயே சாக்கடை ஓடலாம், தண்ணீர் விடாத நேரத்தில் குழாயின் விரிசல் வழியாக வெளியே உள்ளது உள்ளே இழுக்கப்படலாம் என்று கையாலேயே படம் போட்டுக் காட்டினேன். நான் சொன்னவற்றில் எதுவும் பொய்யில்லை. இப்படி எங்கேயும் நடக்கக்கூடியதுதான். அவர் வீட்டில் நடந்ததா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

"அப்டியா!" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள், இனிமேல் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யாரோ கை தட்டினார்கள். கூட வந்த சக ஊழியர் நான் பேசியதை அப்படியே வீடியோ எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

மதியச் சாப்பாடு முடிந்து பொருட்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த நெசவாளர் திரும்பி வந்தார்.

"இன்னா மேடம், சாப்டாச்சா? ஒரு சந்தேகம். இந்த மூலையில சின்னதா போர்னு போட்டுக்கினு இருக்குதே, அது யாரு வீட்டு போரு? எங்க வீட்ல செடிக்கு ஊத்தக்கூட போர் கெடையாது."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை மூலையில் சிறிய எழுத்தில் அச்சிடச் சொன்னதே நான்தான். அதை நான் படிக்கவில்லை, அவர் படித்திருக்கிறார். ஆனாலும் மறுபடி ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க மேடம்" என்று கையைக் காட்டினார். "காலைல ஒண்ணு சொன்னீங்க, நம்பிட்டேன். இப்ப வேற ஒண்ணு சொன்னாலும் நம்பிடுவேன். அப்டிப் பேசறீங்க. அதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து பாத்துடுங்களேன்."

அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். நீலத் தகட்டில் 31 என்று இருந்தது. அதற்குக் கீழே, சுவரிலேயே, மங்கிய கறுப்புப் பெயிண்ட்டில் 'ப.எண் 14'.

"நீங்க பதினாலுன்னு சொல்லித்தானே வாங்கினீங்க?" என்றேன்.

"ஆமா. முப்பத்தொண்ணு கவர்மென்ட்டுக்கு. எங்களுக்கு எப்பவும் பதினாலுதான்."

வெயிலில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. பாட்டிலில் இருப்பது புது எண். மேசைக்கு வந்தவர்களில் பலர் சொன்னது பழைய எண். எத்தனை பேர் எதைச் சொன்னார்கள், எந்த அட்டை யாரிடம் போனது, எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். சிவப்பு அட்டைக்கு உரிய வீட்டில், குடிக்கக்கூடாத தண்ணீரை யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"புது நம்பர் பதினாலு எந்த வீடு?"

"புது நம்பரு யாருக்கு மேடம் தெரியும்?"

எதிர் வீட்டுப் பெண்ணிடம் கேட்டோம். பதினாலா, இதோ இவர் வீடுதான் என்று அவரையே காட்டினார். அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "கரண்ட் பில்லுல பதினாலா, வீட்டு வரி ரசீதுல பதினாலா? மொதல்ல அத்தச் சொல்லுப்பா" என்றார். ஒரு வீட்டில் தகடு இல்லை. இன்னொன்றில் தகட்டின் மேலேயே வெள்ளையடித்திருந்தார்கள். தெருக்கோடியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டுக்கு அடுத்து 12-ஏ, அதற்கு அடுத்து ஒரு தையல் கடை, அதற்கு எண்ணே இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் பிறர் எழுதியதில் முகவரிகளைச் சரிபார்த்தவள், ஒரே தெருவில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் மூன்று முறை மேலும் கீழும் நடந்தேன்.

கடைசியில் நெசவாளர்தான் கண்டுபிடித்தார். வாசலில் சாத்தி வைத்திருந்த பைக்குக்குப் பின்னால் தகடு மறைந்திருந்தது. புது எண் 14, பழைய எண் 7. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒருவரும் அவர் மனைவியும் அந்த வீட்டில் வாடகைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றார். வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது பழைய எண் என்று பிறகு தெரிந்தது. அதனால் அந்தக் கணவர் காலையில் மேசைக்கு வந்து 'ஏழு' என்று சொல்லியிருக்கிறார். நானும் ஏழாம் எண் அட்டையைக் கொடுத்திருக்கிறேன். பச்சை.

கதவைத் திறந்த மனைவிக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். தோளில் குழந்தை. பிறந்து இரண்டரை மாதம் என்றார்.

பச்சை அட்டை சுவர்க் காலண்டரில் செருகியிருந்தது. அட்டை கொடுத்த மேடம் என்று நெசவாளர் சொன்னதும் அவர் சிரித்தார். "வாங்க மேடம். நீங்க நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துட்டீங்கல்ல, கேன்காரர்கிட்ட இனிமே வேணாம்னு சொல்லிட்டோம். போர் தண்ணியே போதும்."

பாப்பாவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால் என்றார். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணி பாப்பாவுக்கு வேணாம்மா."

"கொதிக்க வெச்சுதான் மேடம் குடுக்கறேன்."

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாரான பதில் இருந்தது. காலையில் மேடையில் ஒரு வேடிக்கையோடு அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கூடும். கைக்குழந்தையின் ரத்தத்தால் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல் போய் உதடும் நகமும் நீலம் பாயலாம். அந்தச் சமையலறையில் எனக்கு எந்த வாக்கியமும் முழுதாக வரவில்லை. போகாதும்மா, போகாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கணவர் எழுந்து வந்தார். மனைவி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார்.

"பச்சையும் நீங்கதான் குடுத்தீங்க. இப்ப சிவப்புன்னும் நீங்கதான் சொல்றீங்க. எதை மேடம் நாங்க நம்பறது?"

கேட்டது நியாயம். காலையில் ஒரு மண்டபமே என்னை நம்பியது, அப்போது நான் சொன்னது தவறு. இப்போது சொல்வது சரி, ஆனால் நம்ப ஆளில்லை.

நெசவாளர்தான் கேட்டார்: "காலைல மேடையில ஒரு சீட்டை முக்கிக் காட்டினீங்களே, அது இருக்குதா?"

வேனுக்கு ஓடினேன். நைட்ரேட் அதிகம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் காகிதச் சீட்டுகள் அவை. செய்து காட்டுவதற்காகக் கொண்டு வந்ததில் பாதி மிச்சம் இருந்தது. நான் திரும்புவதற்குள் நெசவாளர் தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பில் குழாய்த் தண்ணீர் கொண்டு வந்துவிட்டார். ஒரு சீட்டைச் சொம்பிலும், இன்னொன்றை இவர்கள் வீட்டுப் போர் தண்ணீரிலும் முக்கி, தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நால்வரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். சொம்பில் முக்கிய சீட்டு வெள்ளையாகவே இருந்தது. மற்றது மெல்ல நிறம் மாறி, கடைசியில் பீட்ரூட் சாறு போல ஆகிவிட்டது.

கணவர் அடுப்பை அணைத்தார். மனைவி குரல் இறங்கிப் போய்ச் சொன்னார்: "பதினோரு மணிக்கு ஒரு பாட்டில் குடுத்துட்டேனே."

காலைவரை கேன் தண்ணீரில் பால் கலந்து கொடுத்தவர், என் அட்டையைப் பார்த்த பிறகு போர் தண்ணீருக்கு மாறியிருக்கிறார். நாங்கள் அந்தத் தெருவுக்கே போகாமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தை இதைக் குடித்திருக்காது.

ஆட்டோ பிடித்துக் குழந்தை மருத்துவரிடம் போனோம். ஞாயிறு என்பதால் இரண்டு இடங்கள் மூடியிருந்தன, மூன்றாவது இடம் திறந்திருந்தது. வழி முழுவதும் அந்தப் பெண் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் பார்த்தேன். ஆட்டோவின் தார்ப்பாய் நிழலில் எல்லா நகமும் நீலமாகவே தெரிந்தது. மருத்துவர் உதடு, நகம், மூச்சு எல்லாவற்றையும் பார்த்தார். குழந்தையின் கால் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். ஒரு வேளை குடித்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை, இனிமேல் கொடுக்காதீர்கள், உதடு நீலமாகத் தெரிந்தால் உடனே தூக்கி வாருங்கள் என்றார். அந்தப் பெண் அப்போதுதான் அழுதார்.

திரும்பும்போது கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க மேடம். என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது, அத மட்டும். விளக்கம்லாம் வேணாம்" என்றார். நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பொழுது சாயும்வரை நெசவாளரும் நானும் வீடு வீடாகப் போய் அட்டைகளைத் திரும்ப வாங்கி, வாசலிலேயே சீட்டை முக்கிக் காட்டினோம். சிவப்பு வேறு எங்கும் இல்லை. மஞ்சள் வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பச்சை வாங்கியவர்கள் கொடுக்க மறுத்தார்கள். "குடுத்தத திருப்பிக் கேக்கறியே, நல்லா இருக்குதாம்மா?" என்று ஒரு பெண் அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "குடுத்துடு அக்கா, அது உன் வீட்டுத் தண்ணியே இல்ல" என்றார் நெசவாளர். "யாரு வீட்டு தண்ணியா இருந்தா இன்னா, பச்சை பச்சைதானே?" என்று பதில் வந்தது. குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று காலையில் முடிவெடுத்த இரண்டு பெண்களைத் தேடிப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் குறை இல்லை, நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். ஒருவர் நம்பினார். இன்னொருவர், நீங்கள் காலையில் சொன்னதுதான் சரியாகப் பட்டது என்றார்.

அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கண்டித்தார்கள், அட்டையில் குடியிருப்பவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். நான் குழாயைப் பற்றிப் பேசிய வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்டேன், நீக்கினார்கள். அதற்குள் அது எத்தனை கைகளுக்குப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது என்று நெசவாளர் போனில் சொன்னார்.

எனக்கு விளங்காத ஒன்றைக்கூட நூறு பேருக்கு விளங்கவைத்து அனுப்பிவிட என்னால் முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இன்றும் யாராவது என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினால், முதலில் எனக்கு வருவது மகிழ்ச்சி அல்ல, அந்தப் பெண்ணின் சமையலறையில் வந்த பயம்தான்.