ஆல்கீனை வாயால் வரைந்தவள்

வீட்டில் அவளுக்கு உடும்பு என்று பெயர். வைத்தது அண்ணன். சின்ன வயதிலிருந்தே பிடித்ததை விடமாட்டாள். பொம்மையானாலும் சரி, வாய்ச்சண்டையானாலும் சரி. கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கண் நரம்பில் ஒரு நோய் வந்து, பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டு போனது. 'விதி, என்ன செய்ய' என்று உச்சுக்கொட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. அவள் உச்சுக்கொட்டவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். எந்த வார்டுக்கு எந்த எண் என்பது அவளுக்கு விரல் நுனியில். மருத்துவர்களைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாள்; சிலரைத் தும்மலை வைத்து. நல்ல வேலை, நல்ல பெயர். ஆனாலும் பாதியில் நின்ற படிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. முப்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, அதே கல்லூரி வாசலில் போய் நின்றாள்.

துறைத்தலைவர் நல்ல மனிதர். கெட்டவர் முடியாது என்றால் சண்டை போடலாம். நல்லவர் சொன்னால் என்ன செய்வது?

"வரலாறு எடுங்கம்மா. நானே பேசி இடம் வாங்கித் தரேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பூராவும் படம். படத்தைப் பார்க்காம எப்படி?"

"விதியில இடம் இருக்கா இல்லையா சார், அதை மட்டும் சொல்லுங்க."

இடம் இருந்தது. அதனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஆல்கீன்கள் பகுதியில் முதல் தேர்வு. மற்றவர்களுக்கு என்ன கேள்வியோ அதேதான் அவளுக்கும். படத்துக்குப் பதிலாக வேறு கேள்வி கிடையாது. தேறினால் தொடரலாம், இல்லாவிட்டால் வரலாறு. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் தருவார்கள். ஆனால் அந்த ஆளுக்கு வேதியியல் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவர் எழுதினால் அது யாருடைய விடை என்று எப்படிச் சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். "உனக்குக் கண்ணு தெரியாது, எழுதறவனுக்குப் பாடம் தெரியாது. நல்லா விளங்கும்!"

அண்ணிதான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "பாடம் தெரியாத ஆளை வெச்சுப் பழகணும், அவ்வளவுதானே? நான் இருக்கேனே. எனக்குக் கெமிஸ்ட்ரியில தெரிஞ்சது சலவை சோடா ஒண்ணுதான்."

"அதையும் மறந்துடுங்க அண்ணி. இன்னும் நல்லது."

வீட்டின் முன்னறைதான் அண்ணியின் கடை. காலையில் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பு, வெட்டு மேசைமேல் பாடம் நடந்தது. அண்ணி புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று வந்ததும் அவளுக்கே பொறுக்கவில்லை. "அதென்ன இரட்டைப் பிணைப்புன்னா திரும்பாதாம்? யாரு திருப்பிப் பார்த்தா?"

உடும்பு காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியில் இரண்டு துண்டு கேட்டு வாங்கினாள். ஒன்றன்மேல் ஒன்றாக நுனிகளை வைத்து ஒரு குண்டூசி குத்தச் சொன்னாள். மேல்துண்டு காற்றாடி மாதிரி சுற்றியது. அது ஒற்றைப் பிணைப்பு. பக்கத்திலேயே இன்னொரு குண்டூசி குத்தியதும் துண்டு அசைய மறுத்தது. அது இரட்டைப் பிணைப்பு. ஆல்கீன் என்றால் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே அப்படி இரண்டு ஊசி. திருப்ப வேண்டுமானால் ஓர் ஊசியைப் பிடுங்கியே ஆக வேண்டும். பிடுங்கினால் இரண்டு கார்பனுக்கும் ஆளுக்கொரு கை காலியாகும். அந்தக் கையில் புரோமினோ ஹைட்ரஜனோ வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் செம்பழுப்பு புரோமின் நீரில் ஆல்கீனை விட்டால் நிறம் போய்விடுகிறது. நிறம் போவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், முதலாண்டில். இனி பார்க்க முடியாது என்று நினைத்தபோது துக்கம் வந்தது. வந்த துக்கத்தை அப்படியே ஓரமாக உட்காரவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது, ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகம் வைத்திருக்கும் கார்பனுக்கே புது ஹைட்ரஜனும் போய்ச் சேரும் என்று வாசித்ததும் அண்ணி சிரித்தாள். "அங்கேயும் இருக்கறவன் வீட்டுக்குத்தான் சீர்வரிசை போகுதா!" அந்த விதியை அதன்பின் உடும்பு மறக்கவே இல்லை.

படம்தான் வம்பு செய்தது. இவள் சொல்வாள், அண்ணி போடுவாள். போட்டது சரியா என்று யார் பார்ப்பது? துணியில் அளவு குறிக்க ஓட்டும் பல் சக்கரம் அண்ணியிடம் இருந்தது. மடித்த போர்வைமேல் தாளை வைத்து, கோட்டின்மேல் சக்கரத்தை ஓட்டினால், தாளின் பின்பக்கம் புள்ளி புள்ளியாகப் புடைத்துக்கொள்ளும். உடும்பு பின்பக்கத்தைத் தடவிப் படிப்பாள்.

முதல் நாளே ரகளை. "பென்ட்-2-ஈன் சொன்னேன். நீங்க மூணாவது கார்பன்ல இரட்டைக்கோடு போட்டிருக்கீங்க!" என்று சத்தம் போட்டாள். நான் சொன்னபடிதான் போட்டேன் என்று அண்ணியும் விடவில்லை. இருவரும் ஒரு மூச்சு கத்தி ஓய்ந்த பிறகுதான் உடும்புக்கு உறைத்தது. தாளைத் திருப்பிவிட்டால் இடம் வலமாகிறது! படித்தது கண்ணாடி பிம்பத்தை. ஆனால் பொருள் ஒன்றுதான். எண்ணுவது எப்போதும் இரட்டைப் பிணைப்புக்குக் கிட்டே இருக்கும் முனையிலிருந்து. எந்தப் பக்கமிருந்து தடவினாலும் அது பென்ட்-2-ஈன்தான், பென்ட்-3-ஈன் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பென்ட் என்றால் ஐந்து கார்பன், ஈன் என்றால் இரட்டைப் பிணைப்பு, நடுவில் உள்ள எண் அது தொடங்கும் இடம். பார்க்காமலே கட்டிவிடலாம். இந்தப் பெயர்களைத் தனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்தது போல அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"கத்தினதுக்கு மன்னிப்புக் கேளு," என்றாள் அண்ணி.

"கேட்டாச்சு."

"எப்போ?"

"மனசுக்குள்ள."

அடுத்த தொல்லை பியூட்-2-ஈனில் வந்தது. அதில் இரண்டு வகை. இரண்டு மெத்தில் தொகுதிகளும், அதாவது சிஹெச்த்ரீ இரண்டும், ஒரே பக்கம் இருந்தால் சிஸ்; ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் ட்ரான்ஸ். ட்ரான்ஸ் சொன்னபோதெல்லாம் அண்ணியின் கை சிஸ்ஸே போட்டது. "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தானே காலர்? கோணலா இருந்தா மனசு கேக்க மாட்டேங்குது." தெரியாத கை தானாகவே சமமாக்கப் பார்க்கும் என்று உடும்பு அன்று தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் போட்ட பிறகு கோடு கோடாகக் கேள்வி கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் வந்தது.

தேர்வுக்கு எழுத வந்தவர் கல்லூரியின் விளையாட்டுத் துறை உதவியாளர். எல்லாரும் அவரை விசில் என்றே கூப்பிடுவார்கள். பேச்சும் அப்படித்தான், காதைத் துளைக்கும்.

"அக்கா, எனக்கு ஹெச்டூஓ கூட சந்தேகம்தான், பார்த்துக்குங்க."

"நீங்கதான் தம்பி எனக்கு வேணும்."

எத்தனாலை அடர் சல்ஃபியூரிக் அமிலத்தோடு சூடாக்கி, நீரை நீக்கி ஈத்தீன் தயாரிப்பதை மளமளவென்று சொல்லி முடித்தாள். பிறகு பியூட்-2-ஈனின் இரண்டு வடிவங்கள். சிஸ் முடிந்தது. ட்ரான்ஸும் முடிந்தது என்றார் விசில்.

"இடது சிக்கு மேல என்ன தம்பி இருக்கு?"

"சிஹெச்த்ரீ."

"வலது சிக்கு மேல?"

"அதேதான், சிஹெச்த்ரீ. பார்க்க கோணலா இருந்துச்சுக்கா, அதான் அழகா சமமாப் போட்டுட்டேன்."

"அழகை அடிச்சிடுங்க. நான் சொன்ன கோணலைப் போடுங்க," என்றாள். விசில் அடித்துவிட்டு மறுபடி போட்டார். மணி அடித்தபோது எல்லாக் கேள்வியும் முடிந்திருந்தது.

முடிவுகள் அறிவிப்புப் பலகையில் வந்தன. எல்லாருக்கும் மதிப்பெண் இருந்தது. அவளுக்கு நேரே 'துறைத்தலைவரைப் பார்க்கவும்' என்று இருப்பதாக அண்ணி வாசித்தாள். மருத்துவமனையில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்திக்கு இணைப்பு கொடுத்திருக்கிறாள். இப்போது மறுமுனையில் அவளே நின்றாள். அண்ணியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

"படமெல்லாம் சரி," என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ஆனா ஒண்ணு புரியலை. ட்ரான்ஸை முதல்ல தப்பாப் போட்டு, அடிச்சு, திருத்தியிருக்கு. தப்புன்னு பார்த்தது யாரும்மா? நீங்க பார்த்திருக்க முடியாது. அப்போ எழுதினவருக்குப் பாடம் தெரிஞ்சிருக்கு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏமாற்றுக்காரி என்பதை இவ்வளவு மென்மையாகவும் சொல்ல முடியுமா! மேசையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பார்க்கலை சார். கேட்டேன். கோடு கோடாக் கேட்டேன். நம்பலைன்னா நீங்களே எழுதுங்க. உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாதுன்னு வெச்சுக்குங்க. ஒரு பேர் சொல்லுங்க."

ஒரு தாள் உருவும் சத்தம் கேட்டது. "ட்ரான்ஸ் பென்ட்-2-ஈன்," என்றார்.

"தாள் நடுவுல ஒரு சி. அதுக்கு நேரா வலப்பக்கம் இன்னொரு சி. ரெண்டுக்கும் நடுவுல, மேலயும் கீழயுமா ரெண்டு படுக்கைக் கோடு. இடது சியிலேர்ந்து இடப்பக்கமா மேல சாய்ஞ்சு ஒரு கோடு. அது முனையில சிஹெச்த்ரீ."

மூச்சு விட நிறுத்தினாள். பேனா நிற்கவில்லை. சர்ரக், சர்ரக் என்று தாளில் ஓடிக்கொண்டே இருந்தது.

"சார்," என்றாள். "நான் இன்னும் சொல்லலை."

பேனா நின்றது.

"நீங்க போடறது உங்களுக்குத் தெரிஞ்சது. நான் சொன்னது இல்லை. இதே வேலையை அந்தத் தம்பி செஞ்சிருந்தா அது காப்பி சார்."

நாற்காலி கிரீச்சிட்டது. தாளைக் கசக்கும் சத்தமும், புதுத் தாள் உருவும் சத்தமும் கேட்டன. "முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றார். இந்த முறை ஒவ்வொரு கோட்டுக்கும் பேனா காத்திருந்தது. இடது சிக்குக் கீழே ஹெச். வலது சிக்கு மேலே ஹெச். வலது சியிலிருந்து வலப்பக்கமாகக் கீழே சாய்ந்த கோட்டின் முனையில் சிஹெச்டூ, அதற்கு அடுத்து சிஹெச்த்ரீ. பிறகு, விசிலைக் கேட்டது போலவே, அவரையும் கோடு கோடாகக் கேட்டாள். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை போலப் பதில் சொன்னார்.

"சரியா வந்திருக்கு," என்றார் கடைசியில். கொஞ்சம் தயங்கினார். "இத்தனை வருஷமா போர்டுல எழுதிட்டு, 'இது இங்கே போகும், அது அங்கே வரும்'னு விரலைக் காட்டியே ஓட்டிட்டேன். நாளைக்கு அடுத்த பாடம், ஆல்கைன் ஆரம்பிக்கறேன். ஒவ்வொரு கோட்டையும் வாயால சொல்லிட்டே எழுதறேன். முதல் வரிசையில உட்காருங்க. சொல்லாம போட்டேன்னா நிறுத்துங்க."

இவ்வளவு நேரம் கல் மாதிரி நின்றிருந்தவளுக்கு அப்போதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"நிறுத்துவேன் சார்," என்றாள்.