திரைச்சீலை தைக்கிறவளின் நெடுவில்

வில் பழகப் பெயர் கொடுத்தது அவளுடைய கணவர்தான். சட்டைப் பொத்தானோடு அவர் வயிறு மல்லுக்கு நிற்கத் தொடங்கிய வருஷம் அது. ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனிதர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவர். காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தே பிழைப்பு. ஓட்டம் என்றால் மூச்சு வாங்கும், நீச்சல் என்றால் காது வலிக்கும். வில் விடுவதற்கு நின்ற இடத்தில் நின்றாலே போதும் என்று யாரோ சொல்ல, அந்த இடத்திலேயே தலையாட்டிவிட்டார்.

அவர் போகிறேன் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார் என்பது மனைவிக்குத் தெரியாதா? அதனால் அவளும் கூடவே போனாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஒரு திரைச்சீலைப் பட்டறையில் தையல் வேலை. ஓட்டல், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று பெரிய பெரிய ஜன்னல்களுக்கான துணியெல்லாம் அவள் மெஷின் வழியாகத்தான் போகும். பட்டறையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டைலரக்கா என்றால் அவள்தான்.

வில் சங்கத்தின் பயிற்சி நடந்தது டைல்ஸ் கடைக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய கிடங்கில். ஒரு கோடியில் வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்குப் பலகைகள், அதற்குப் பின்னால் கனத்த வலை. சொல்லிக்கொடுப்பவர் வார நாளில் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். சனி, ஞாயிறு வந்தால் எல்லோருக்கும் மாஸ்டர். அவரிடம் இருந்தது பழைய பாணி வில்கள் மட்டும்தான். குறி பார்க்கக் கண்ணாடி கிடையாது, ஆடாமல் இருக்கக் கம்பி கிடையாது. கட்டை, நாண், அம்பு, அவ்வளவே. முனை இரண்டும் முன்பக்கம் சுருண்டு நிற்கும் ரிகர்வ் ஒரு வகை. ஆள் உயரத்துக்கு ஒரே வளைவாக நிற்கும் நெடுவில் இன்னொரு வகை.

கணவர் தாக்குப்பிடித்தது இரண்டே வாரம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, விட்ட நாண் திரும்பி வந்து அவர் முன்னங்கையில் சுளீரென்று அறைந்தது. தோல் கன்றிப்போய் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது.

"மாஸ்டர், இது என்னைத் திருப்பி அடிக்குது. நான் வரலை இந்த ஆட்டத்துக்கு" என்று வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"கட்டின காச எதுக்கு விடணும்? நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கறேன்" என்றாள் டைலரக்கா.

இழுத்தாள். நாண் வாயோரம் வரை வந்து கன்னத்தைத் தொட்டது. முதுகின் இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருவதை அவளால் உணர முடிந்தது. பல வருஷம் மெஷினில் குனிந்து குனிந்து மடங்கிப்போன முதுகு அது. விரலை விட்டதும் அம்பு போனது. எங்கே போனது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு விநாடியில் உடம்புக்குள் ஏதோ நிமிர்ந்துகொண்டது. அடுத்த சனிக்கிழமை கணவருக்கு முன்னால் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

அம்பு போன இடத்தைச் சொல்லவில்லையே. அது இடது பக்கம் போனது. அடுத்ததும் இடது பக்கம். அந்த மாதம் முழுக்க, அடுத்த மாதம் முழுக்க, அவள் விட்ட அம்பெல்லாம் தன் பலகையை விட்டு இடது பக்கத்துப் பலகையில் போய்க் குத்தி நின்றது. அந்தப் பலகை மருந்துக்கடைக்காரருடையது. சங்கத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ரிகர்வ் வில்லில் பல வருஷமாகக் கோப்பை அவர் வீட்டில்தான். நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு முறையும் அவளுடைய அம்புகளைப் பிடுங்கிக் கட்டாகக் கொண்டுவந்து நீட்டுவார்.

"டைலரம்மா, உங்க வீட்டு ஆளுங்க மறுபடி எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்துட்டாங்க."

கிடங்கே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் துலக்கும்போது மட்டும் கண் கலங்கும்.

மாஸ்டர் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கிப் பார்த்தார். முழங்கையைத் தூக்கச் சொன்னார், பாதத்தைத் திருப்பச் சொன்னார், விரலைத் தளர்த்தச் சொன்னார். நிற்பது, இழுப்பது, விடுவது எல்லாம் பார்க்க அழகாக இருந்தது. அம்பு மட்டும் விருந்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

இந்தச் செய்தி அவளுடைய நாத்தனார் காதுக்கும் எட்டியது. கணவரின் அக்கா அவர். மாடி வீட்டில் குடியிருந்தார். ஊரில் யார் வீட்டுக் குக்கர் விசிலடித்தாலும் அது பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

"பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, அடுத்து பேரனைத் தூக்குற வயசு. இப்பப் போய் வில்லும் அம்புமா? யாரு கண்ணையாவது குத்திட்டு வந்து நிக்காத" என்றார் அவர்.

"பலகையையே குத்த முடியலை அண்ணி. கண்ணை எங்க குத்தறது?" என்றாள் இவள். அதற்கு அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முடிச்சை அவிழ்த்தது கணவர்தான். வில்லைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டவர், அவளைக் கூட்டிப்போக வந்தால் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஒரு சனிக்கிழமை அவர் சட்டென்று எழுந்து வந்தார்.

"ஏம்மா, நீ ஊசியில நூல் கோக்கறப்ப எந்தக் கண்ணை மூடுவ?"

"இப்ப எதுக்குங்க அது?"

"வலது கண்ணைத்தான் மூடுவ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். இடது கண்ணாலதான் ஊசிக் காதைப் பாப்ப. இங்க மட்டும் அம்பை வலது கண்ணுக்குக் கீழ வெச்சுக்கிட்டு நிக்கிற. அதான் எனக்கு என்னமோ உறுத்துது."

மாஸ்டர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "அக்கா, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. விரலை எல்லாம் சேத்து நடுவுல ஒரு சின்ன ஓட்டை விடுங்க. ரெண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். அந்த ஓட்டை வழியா சுவத்துக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே கையை முகத்துகிட்ட கொண்டாங்க."

கொண்டுவந்தாள். அவளை அறியாமலேயே கை இடது கண் மேல் போய் உட்கார்ந்தது. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் இடது கண்தான்.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "முதல் நாளே பாத்திருக்கணும். என் தப்புக்கா. கை வலது கை, ஆளுகிற கண்ணு இடது கண்ணு. அம்பு ஒரு பக்கம் இருக்கு, பார்வை இன்னொரு பக்கத்துலேர்ந்து போகுது. உங்க குறி தப்பவே இல்லை. குறி பார்த்து, சரியா அடுத்த பலகையை அடிச்சிருக்கீங்க."

இடது கண்ணை மூடிக்கொண்டு விட்டுப் பார்த்தாள். தலைவலிதான் மிச்சம். இனி ஒரே வழி, கையை மாற்றுவது. வலது கையில் வில்லைப் பிடித்து இடது கையால் நாணை இழுக்கவேண்டும். இவ்வளவு நாள் படித்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதவேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். ரிகர்வ் வில்லில் அம்பு உட்கார ஒரு பக்கமாகத்தான் கட்டையைச் செதுக்கியிருப்பார்கள். சங்கத்தில் இருந்த அத்தனை ரிகர்வும் வலது கைக்காரர்களுக்கானது. நெடுவில்லில் அந்தத் தொல்லை இல்லை. அதில் செதுக்கலும் கிடையாது, பக்கமும் கிடையாது. வில்லைப் பிடித்த முஷ்டியின் மேலேயே அம்பை வைத்து விடவேண்டும். எந்தக் கையில் பிடித்தாலும் அது ஏன் என்று கேட்காது. யாரும் தொடாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்த ஒரு நெடுவில்லை மாஸ்டர் துடைத்துக் கொடுத்தார். அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம் அது.

அடுத்து வந்த மாதங்கள் லேசுப்பட்டவை அல்ல. இடது தோள் எருமை மாதிரி அசைய மறுத்தது. இடது கை விரல்களுக்கு நாணை விடவே தெரியவில்லை. பசை ஒட்டியது போலப் பிடித்துக்கொண்டன. பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரைச்சீலை நாடாவை வளையமாகத் தைத்து, வலது கையில் மாட்டிக்கொண்டு இடது கையால் இழுத்து இழுத்துப் பழகினாள். பக்கத்து மெஷின்காரி, "அக்கா, யாரை இழுத்து அறையறதுக்கு இந்த ஒத்திகை?" என்று கேட்டாள். ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. கனமான துணியைக் காலமெல்லாம் கத்தரித்த வலது கை இப்போது வில்லைப் பிடித்தது. பிடித்தால் பாறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் விட்ட அம்பு, தன் சொந்தப் பலகையின் நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்தில் போய் நின்றது. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்து இன்னொன்று விட்டாள். அதன் பக்கத்திலேயே போய் அதுவும் நின்றது. கிடங்கே திரும்பிப் பார்த்தது.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன டைலரம்மா, இன்னிக்கு நம்ம வீட்டுப் பக்கம் யாரும் வரலையே?"

"வழி தெரிஞ்சுகிட்டாங்க அண்ணா" என்றாள். நாற்காலியில் இருந்த கணவர் கைதட்டிய சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன.

அடுத்த வருஷம் பல சங்கங்கள் சேர்ந்து ஒரு திறந்த மைதானத்தில் போட்டி வைத்தன. நெடுவில்லில் முதலாவதாக வருகிறவரும் ரிகர்வில் முதலாவதாக வருகிறவரும் கடைசியில் எதிரெதிரே நின்று கோப்பைக்கு மோதவேண்டும். ரிகர்வில் யார் வருவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, மருந்துக்கடைக்காரர் வந்தார். நெடுவில்லில் டைலரக்கா வந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. அவளே எதிர்பார்க்கவில்லை. பெயரை வாசித்தபோது, "எனக்கா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

இறுதிச் சுற்றுக்குச் சற்று முன்னால் வானம் கறுத்து, சடசடவென்று மழை இறங்கியது. எல்லோரும் பந்தலுக்கு ஓடினார்கள். டைலரக்காவின் அம்புக்கூட்டுக்கு அவளே ஒரு மூடி தைத்திருந்தாள். வெயில் புகாத திரைச்சீலைக்கு உள்ளே கொடுக்கும் ரப்பர் பூசிய துணி அது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மருந்துக்கடைக்காரரின் கூடு திறந்தே கிடந்தது. மழை விட்டபோது அவருடைய அம்புகளின் இறகெல்லாம் குளித்த கோழி போல ஒட்டிக் கிடந்தன. இறகு படிந்த அம்பு நேராகப் போகாது, அலைந்துகொண்டே போகும். அவர் முகம் சுண்டிப்போயிற்று, ஆனாலும் கோட்டில் வந்து நின்றார்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். அவள் கையைத் தூக்கினாள்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. அண்ணன் இறகைக் காய வெச்சுக்கட்டும்."

"உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம். நான் இவரை ஜெயிக்கத்தான் வந்தேன். மழைய வெச்சு ஜெயிச்சா அது என்ன ஜெயிப்பு?"

பந்தலிலிருந்து நாத்தனாரின் குரல் கிளம்பியது. சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று குடையோடு வந்திருந்தார். "இவளுக்கு என்ன கிறுக்கா? எதிராளிக்கு எவளாவது இறகு உலர்த்துவாளா? டேய், உன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுடா!"

அவர் தம்பி மருந்துக்கடைக்காரரிடம் கை நீட்டினார். அம்புகளை வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடினார். அங்கே கை உலர்த்தும் சூட்டுக் காற்றுப் பெட்டியின் கீழே ஒவ்வோர் அம்பாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இறகு மறுபடி நிமிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் அவற்றை வாங்கும்போது வழக்கமான கிண்டல் ஒன்றும் வரவில்லை. "நன்றி, மாப்பிள்ளை" என்றார்.

பிறகு மோதல் தொடங்கியது. ரிகர்வ் அம்பு விருட்டென்று பாயும். நெடுவில் அம்பு நிதானமாக ஏறி, வளைந்து இறங்கும். முதல் சுற்றில் அவர் முந்தினார். இரண்டாவதில் அவள் எட்டிப்பிடித்தாள். கடைசிச் சுற்றில் அவருடைய அம்புகளில் இரண்டு மஞ்சளிலும் ஒன்று அதைச் சுற்றிய சிவப்பிலும் நின்றன. மைதானம் ஆரவாரித்தது.

அவளுடைய முதல் அம்பு மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவதும் அங்கே போனால் கோப்பை அவளுக்கு. பந்தலில் நாத்தனார் குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் அவசரப்படவில்லை. அம்பை முஷ்டி மேல் வைத்தாள். மூச்சு உள்ளே போனது, நாண் வாயோரம் வந்தது, முதுகு விரிந்து இறுகியது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மஞ்சள் வட்டம் ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. எப்போது விரல் விட்டது என்று அவளுக்கே தெரியாது. அம்பு ஏறியது, வளைந்தது, இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம்.

மஞ்சளின் நட்ட நடு.

அதற்குப் பிறகு யார் கத்தினார்கள், யார் குதித்தார்கள் என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. மாஸ்டர் அழுதுகொண்டிருந்தது நினைவிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் தன் கையாலேயே கோப்பையை எடுத்து அவளிடம் கொடுத்தார். "இவ்வளவு வருஷத்துல இன்னிக்குத்தான் சரியான ஆளுகிட்ட தோத்திருக்கேன்" என்றார்.

நடு மஞ்சளில் இறங்கிய அம்பைப் பிடுங்கக் கணவர் போனார். பலகையில் காலை ஊன்றி இழுத்தார், வரவில்லை. "தள்ளுங்க" என்று அவள் போய், ஒரு கையைப் பலகையில் அழுத்தி மறு கையால் வெடுக்கென்று பிடுங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கணவரின் டிரைவிங் பள்ளிக் காரில் அந்த நெடுவில் அடங்கவில்லை. பின் ஜன்னல் வழியாகப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு நாத்தனாருடையது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்தார்கள். யாரும் கேட்கும் முன்பே அவர் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டார்.

"என் தம்பி பொண்டாட்டியோடது! இப்பத்தான் ஜெயிச்சுட்டு வர்றா!"

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"இருங்கடா, கோப்பையைக் காட்டலை இன்னும்" என்றார் நாத்தனார்.