தானே விடும் கொக்கி

ஹைகோர்ட்டு மேசைமேல் அந்த இரும்புக் கொக்கி கிடந்ததை இப்போது நினைத்தாலும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் அதன்மேல் பச்சையாகவும் சிவப்பாகவும் ஊர்ந்துகொண்டிருந்தது. ராயபுரம் பட்டறையில் கரியும் எண்ணெயுமாகப் பிறந்த சாமானுக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

செய்தவர் என் அக்கா புருஷன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பட்டறையில் இருவருக்கும் பிட்டர் வேலை. துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது கொக்கியைக் கையால் கழற்ற வேண்டும். விரல் நசுங்காத கூலியாள் அபூர்வம். மாமாவின் கொக்கியில் ஒரு சுருள்வில் உண்டு. மூட்டை தரையில் உட்கார்ந்து பாரம் தளர்ந்ததும் அது தானே வாயைத் திறந்துவிடும். அதற்கு பேடண்ட் வாங்கினார். வேறு யாரும் அப்படிச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் தருகிற உரிமை அது. அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வம்பு பேடண்ட் வாசகத்தில் இருந்தது. எழுதிக்கொடுத்த எங்கள் வக்கீல், காப்பியடிக்கிறவன் ஒருவனும் தப்பக் கூடாதென்று, 'பாரம் தரையில் பட்டதும் தானே விடும் எந்தப் பிடியும்' என்று அகலமாகப் போட்டுவிட்டார். வில் என்ற பேச்சே இல்லை. அடுத்த தெருப் பட்டறைக்காரன் வில்லுக்குப் பதில் எடைக்கட்டி வைத்துக் கொக்கி செய்தான். அதுவும் 'எந்தப் பிடி'யில் சேர்த்திதானே என்று கேஸ் போட்டோம்.

எதிர்த்தரப்பு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. மாமாவின் அப்பாவை இழுத்தார். படகில் மூட்டை சுமந்தே செத்துப்போன மனிதர். அவர் பேரைச் சொல்ல ஊரில் ஆளில்லை. அவர் கயிற்றில் மரக்கட்டை செருகி மூட்டை இறக்குவாராம்; மாமாவே பட்டறையில் சொன்ன பழங்கதை. எந்தப் பிடியும் என்றால் அந்தக் கட்டையும் அதில் அடங்கும். முன்பே இருந்ததற்கு உரிமை கிடையாது. ஆக, அந்தக் கட்டை தானே விடுமா, கையால் உருவ வேண்டுமா என்பதில் கேஸ் வந்து நின்றது. "கையால உருவணும்னு சொல்லிடுங்க, போதும்" என்று எங்கள் வக்கீல் மாமாவிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். மறுத்துப் பேச, பார்த்தவர் யாரும் உயிரோடில்லை.

இங்கிலீஷ் கேள்வியைத் துபாஷி தமிழாக்கிக் கேட்டார். கூண்டில் நின்ற மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார். துறைமுகத்துப் புகை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"எங்க நைனா கட்டுக்குக் கை இன்னாத்துக்கு எசமான்? மூட்டை குந்துச்சுன்னா தானா கயண்டுக்கும். அவரு மாதிரி யாரும் கட்டுனது கெடயாது."

எங்கள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பில் ஜட்ஜ், வில்லை மட்டும் கேட்டிருந்தால் உரிமை நின்றிருக்கும், தானே விடுகிற எதையும் வளைத்துக் கேட்டதால் நிற்காது என்று இங்கிலீஷில் சொன்னதை வக்கீல் எனக்கு விளக்கினார். பேடண்ட் போயிற்று. இன்று துறைமுகத்தில் அப்படிப்பட்ட கொக்கிகள் எத்தனையோ தொங்குகின்றன. யார் யோசனை என்று யாரும் கேட்பதில்லை.

டிராமுக்கு நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை. "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிருந்தா இன்னா மாமா கொறஞ்சிருக்கும்?"

அவர் காதில் அது ஏறவில்லை. "தீர்ப்புல நைனா பேரு வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"ஜட்ஜே சொன்னாரா? இன்னான்னு?"

"இதை மொதல்ல செஞ்சவரு அவருதான்னு."

ராயபுரம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.