“டொக்” என்று சொல்லிச் செத்த பண்ணைக்காரன்

ஈரக் கார்ப்பெட் மணம்... பக்கத்து அறையில் உடுப்புத் தோய்க்கும் மெசின் சுவரில் இடிக்கிற சத்தம்...

வோபர்னில் நான் முதலில் இருந்த பேஸ்மென்ற்றை நினைத்தால் இந்த இரண்டும்தான் முன்னுக்கு வரும்.

கனடாவுக்கு வந்த புதிது. மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். அவர்களை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் அசைவதாக இல்லை. என்னோடு அறையில் இருந்தவர் பாலன் அண்ணை. என்னைவிட மூத்தவர், தனிக்கட்டை. இருவரும் ஒரே ரெஸ்ரோரன்ற்றில் கோப்பை கழுவினோம். வேலை நாட்களில் தனிமை தெரியாது, களைப்பு அதற்கு இடம் கொடாது. ஞாயிறு பின்னேரம்தான் ஆளைக் கொல்லும். வெளியே பனி, உள்ளே இரண்டு ஆம்பிளைகள், கதைக்க ஒன்றுமில்லை...

அப்படியொரு பின்னேரத்தில்தான் அந்தக் கௌபோய் படம் ரிவியில் போனது.

செலவில்லாமல் எடுத்த படம் என்று எங்களுக்கே விளங்கியது. குதிரையில் துரத்துகிறார்கள், துரத்துகிறார்கள்... திரும்பத் திரும்ப அதே தொப்பி மாதிரிப் பாறையைத்தான் கடக்கிறார்கள். முதல் சண்டையில் செத்த தாடிக்காரன் கொஞ்ச நேரத்தில் சாராயக் கடையில் குந்தியிருக்கிறான்.

“உவன் இப்பத்தானே அண்ணை செத்தவன்?”

“தம்பிக்காரனா இருப்பான். விடு.”

கதை, கொலைக் கதை. பணக்காரப் பண்ணைக்காரன் ஒருவனை இருட்டில் யாரோ சுட்டுவிடுகிறார்கள். ஷெரிப் இன்னும் தூரத்தில் வந்துகொண்டிருக்கிறார். பண்ணைக்காரன் கஷ்டப்பட்டு வாயைத் திறந்து, “டொக்...” என்று சொல்லித் தலையைச் சாய்த்துவிட்டான். ஷெரிப்புக்குக் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் கேட்டது.

“நாயோ?” என்றேன்.

“நாய் எண்டுதான் சொன்னவன். எனக்கும் கேட்டது.”

நான் ஓ.எல். சோதினையில் இங்கிலீசைத் தப்பிப் பாஸானவன். பாலன் அண்ணை அதற்கு முதலே படிப்புக்குக் கும்பிடு போட்டவர். எங்களைத் திருத்த அங்கே யார் இருந்தார்கள்? போதாததற்குப் பண்ணையில் உண்மையாகவே ஒரு நாய் நின்றது. காது மடிந்த, சாதுவான நாய். அது வரும்போதெல்லாம் பாலன் அண்ணை நிமிர்ந்து உட்காருவார்.

“பார் அதின்ர முழியை. கள்ள முழி.”

“நாய் எப்பிடியண்ணை துவக்கால சுடும்?”

“விசரா, நாயை வளத்தவன் சுட்டிருப்பான். நாயைப் பிடிச்சால் ஆளைப் பிடிக்கலாம் எண்டுதான் சொல்லிப்போட்டுச் செத்தவன்.”

கடைசியில் ஷெரிப், ஊருக்கே மருந்து கொடுத்த டொக்டரின் கையில் விலங்கு மாட்டினார். பாலன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. ரிவியைப் பார்த்துக் கத்தினார். “அடேய், அந்த மனிசன் என்னடா செய்தது? நாயைப் பிடியுங்கோடா!”

அடுத்த நாள் வேலையில் வெள்ளைக்காரக் குக்கிடம் இந்த அநியாயத்தை முறையிட்டேன். அவன் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். டொக்டரைச் சுருக்கி “டொக்” என்று கூப்பிடுவார்களாம்.

பாலன் அண்ணை ஏற்கவேயில்லை. “டொக்டர் ஐயா எண்டு சொல்லாமல் டொக்காம், டொக்! எங்கட ஊரில உப்பிடிக் கூப்பிட்டால் மொட்டை ஊசியால குத்தியிருப்பார்.”

அதன்பிறகு, எங்களில் ஒருவர் முகம் தொங்கினால் மற்றவர் “டொக்...” என்று தலையைச் சாய்ப்பார். அது போதும். அந்தக் குளிர்காலத்தை அப்படித்தான் தாண்டினேன்.

போன கிழமை, போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் முன்னால் வந்தது. பாறையைக் கண்டு அடையாளம் பிடித்தேன். இப்போது விட்பியில் பெரிய வீடு. அன்றைய கைக்குழந்தை கலியாணம் முடித்து வேறு மாகாணத்தில். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். இதை யாரோடாவது இருந்து பார்க்கவேண்டும் போல ஒரு அவதி... மேலே ஹெட்போனுக்குள் இருந்த, இங்கே பிறந்த மகனைக் கூப்பிட்டேன்.

வந்தான். பண்ணைக்காரன் “டொக்” என்றான். கீழே சப்டைட்டிலில் “Doc” என்று எழுத்துப் பிழையில்லாமல் வந்தது. நான் மகனின் முகத்தைப் பார்த்தேன்.

“அப்பா, அப்ப டொக்டர்தானே கில்லர்? ஏன் மிச்சத்தையும் பாக்கவேணும்?”

நாய்க் கதையை விளங்கப்படுத்தினேன். “ஓ... தட்ஸ் ஃபன்னி,” என்றான். சிரிக்கவில்லை. மேலே போய்விட்டான். அவனில் பிழையில்லை. விளங்கப்படுத்துகிற பகிடிக்கு யார்தான் சிரிப்பது?

படத்தை நிற்பாட்டிவிட்டு மிசிசாகாவில் இருக்கிற பாலன் அண்ணைக்குப் போன் அடித்தேன். இப்போதெல்லாம் அவரைக் கலியாண வீடு, செத்த வீட்டில் காண்பதோடு சரி.

“அண்ணை, அந்தக் கௌபோய் படம்... டொக்!”

“எந்த டொக்?”

“வோபர்னில, பேஸ்மென்ற்றில... அந்த நாய்...”

“நாங்கள் அங்க நாய் வளக்கேல்லையே தம்பி.”

அந்தப் பின்னேரத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான் சாட்சி. ஒருவர் மறந்துவிட்டார்.

“சரியண்ணை, வைக்கிறன்,” என்றேன். மனிசன் விடவில்லை. “என்ன படமெண்டு சொன்னனி?” என்று கேட்டார்.

“கொலைப் படமண்ணை. ஒரு பண்ணைக்காரனை ஆரோ சுடுறான்.”

“ஆர் சுட்டது?... நில், நில், சொல்லிப்போடாதை. ஒருநாள் வாறன். இருந்து பாப்பம்.”

அவர் கார் ஓட்டுவதை விட்டுக் கனகாலம். நானே வந்து ஏற்றுகிறேன் என்றேன். “ஓம், ஓம், பாப்பம்,” என்றார்.

அப்போது இரண்டு பேருக்கு ஒரு ரிவி. பாதி இரைச்சல், மீதி விளங்காது. இப்போது ஆளுக்கொரு திரை, எல்லாம் தெளிவாக விளங்குகிறது...

படம் பாதியிலேயே நிற்கிறது. “கொலைகாரன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, பாத்து முடியுங்கோவன்,” என்கிறாள் மனைவி.

எனக்குத் தெரியும். பாலன் அண்ணைக்கு இன்னும் தெரியாதே.