மைக் அக்காவின் குரல் தடித்த கதை

பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் மைக் அக்காதான். வயது ஐம்பத்தெட்டு. நான்காம் நடைமேடையின் மூலையில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், சுழல மறந்துபோன ஒரு சுழல் நாற்காலி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் இருபத்தாறு வருடமாக அங்கிருந்து அவர்தான் சொல்லிவந்தார். எத்தனை ஹாரன் அலறினாலும் அந்தக் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

குரல் மாறியதை முதலில் கவனித்தவர் பன்னிரண்டாம் தடத்து ஓட்டுநர். கண்ணாடியைத் தட்டிவிட்டுத் தலையை நீட்டினார்.

“என்னக்கா, ஆம்பளை ஆள் யாரையாவது புதுசா போட்டுட்டாங்களோன்னு பார்க்க வந்தேன்.”

“போய் வண்டியை எடு. தொண்டை கட்டியிருக்கு, அவ்வளவுதான்.”

உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்துப் பார்த்தார். மாதம் இரண்டு ஆனது. தொண்டை திறக்கிற வழியாக இல்லை. போதாக்குறைக்கு மோவாயில் நாலைந்து முடி, கறுப்பாக, முரட்டுத்தனமாக முளைத்தது. பிடுங்கிப் போட்டால் அடுத்த வாரம் ஆஜர். தலைமுடியோ சீப்போடு வந்தது.

“இருக்க வேண்டிய இடத்துல நிக்க மாட்டேங்குது, வேண்டாத இடத்துல வருது. என்னங்க இது?” என்று கணவரிடம் கேட்டார்.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பேச்சு கம்மி. “வயசாகுதுல்ல” என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

வயசு என்று விட்டுவிட மைக் அக்காவுக்கு மனசு வரவில்லை. மருத்துவமனைக்குப் போனார். பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன், அவர் வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியதைவிட ஐந்து மடங்கு இருந்தது.

“அது ஆம்பளைங்களுக்கு உள்ளதுதானே டாக்டர்?”

“பொம்பளைங்களுக்கும் கொஞ்சம் உண்டும்மா. ஆனா இவ்வளவு இருக்கக் கூடாது. எங்கிருந்து வருதுன்னு தேடணும். உங்க வீட்ல யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கா?”

மைக் அக்காவுக்குக் கூடப்பிறந்த ஓர் அக்கா உண்டு. அவருக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்தது. அறுவை சிகிச்சை, ஊசி, மொட்டைத்தலை எல்லாம் கடந்து இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு வருடத்தைக் கூடவே இருந்து பார்த்தவர் இவர்.

“எங்க அக்காவுக்கு வந்துச்சு. எதுக்கு டாக்டர் அதைக் கேக்கறீங்க?”

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “மாதவிடாய் நின்ன பெண்கள்ல இந்த ஹார்மோன் அதிகமா இருக்கிறவங்களுக்கு அந்த நோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு நிறைய ஆய்வுல தெரிஞ்சிருக்கு. கூடுதல்னா வந்தே தீரும்னு அர்த்தமில்ல. இதுதான் காரணமான்னும் இன்னும் முழுசா தெரியாது. இந்த ஒரு எண்ணை வெச்சு உங்களுக்கு வரும், வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அக்காவுக்கு வந்ததால எப்படியும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்தாகணும். எடுத்துப் பார்த்துடுவோம்.”

‘கூடுதல்’ என்ற சொல்லுக்கு அப்புறம் டாக்டர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அன்று மத்தியானம், மூன்றாம் நடைமேடை வண்டியை ஏழாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டார். முப்பது பேர் பையும் பெட்டியுமாக அந்தக் கோடிக்கு ஓடினார்கள். மறுபடி இந்தக் கோடிக்கு ஓடி வந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஒரு டீ அனுப்பி வைத்தார்.

மேமோகிராமுக்கு அவருடைய அக்கா துணைக்கு வந்தார். இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்தத் தட்டு சில்லுன்னு இருக்கும். நசுக்கும். பல்லைக் கடிச்சுக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்டி” என்றார் அக்கா.

“உனக்கு அப்ப பயமா இல்லையாக்கா?”

“பயத்துல செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு வீடு வந்தேன். எவளோடதோ, ஒரு சைஸ் பெருசு.”

மைக் அக்கா சிரித்துவிட்டார். உள்ளே போகும்போதும் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது.

படத்தில் இடது பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதற்குக் காத்திருந்த இருபது நிமிடமும் அக்கா தங்கையின் கையை விடவே இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “வெறும் நீர்க்கட்டி. கெட்டது எதுவும் இல்ல.” அக்காதான் முதலில் அழுதார். ஹார்மோனைச் சுரக்கும் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று எடுத்த வயிற்று ஸ்கேனும் சுத்தம். கருப்பையின் பக்கத்திலோ சிறுநீரகத்தின் மேலோ எந்தக் கட்டியும் இல்லை.

அப்படியானால் ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? இரண்டு நாள் கழித்து, முதலில் பார்த்த பெண் டாக்டர் எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தார்.

“வீட்ல யாராவது ஹார்மோன் ஜெல் தடவுறாங்களா? தோள்ல, கையில?”

“அப்படி யாரும் இல்லையே டாக்டர். அவருக்குத் தோள்வலிக்கு ஒரு ஜெல் உண்டு. தினம் காலையில நான்தான் தேய்ச்சு விடுறேன்.”

“எத்தனை நாளா?”

“ஏழெட்டு மாசமா.”

“பேரு என்ன?”

“தெரியலையே. லேபிள் கிழிஞ்சு போச்சுன்னார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அவர் வந்திருக்காரா?”

வெளியே உட்கார்ந்திருந்த கணவர் உள்ளே வந்தார். டாக்டர் கேட்டதும் அவர் முகம் காது வரை சிவந்தது. தரையைப் பார்த்தபடி சொன்னார்: ஒரு வருடமாக உடம்பில் தெம்பே இல்லை, வேறொரு டாக்டரிடம் காட்டியதில் ஆண் ஹார்மோன் குறைந்திருக்கிறது என்று அந்த ஜெல்லைக் கொடுத்தார்கள். மனைவியிடம் சொல்லக் கூச்சம். லேபிளை அவர்தான் உரித்தார். ஒரு நாள் தடவும்போது பார்த்துவிட்ட மனைவி, “தோள் வலிக்குதா? குடுங்க இப்படி” என்று பாட்டிலை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

“அடுத்தவங்க கை படக் கூடாதுன்னு சொல்லலையா உங்களுக்கு?”

“பெட்டிக்குள்ள இருந்த சீட்டுல எழுதியிருந்துச்சு. நான்தான் சரியா படிக்கல.”

டாக்டர் மைக் அக்கா பக்கம் திரும்பினார். “வந்த வழி இதுதாம்மா. தேய்ச்சு விட்ட கை வழியா உங்க உடம்புக்குள்ள போயிருக்கு. நிறுத்தினா இறங்கிடும். அந்த ஆய்வெல்லாம் உடம்பே வருஷக்கணக்கா சுரக்கிறதைப் பத்தினது. வெளியில இருந்து சில மாசம் ஒட்டினதை அதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க. வருஷா வருஷம் மேமோகிராம் மட்டும் தவறாம எடுங்க.”

மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது மைக் அக்கா கேட்டார்: “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“வாய் வரலம்மா.”

“எனக்குத் தாடி வந்தப்பவாவது வந்திருக்கக் கூடாதா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி கோபமாக இருக்கத்தான் முயன்றுகொண்டிருந்தார், முடியவில்லை. நடுத்தெருவில் நின்று, அந்தத் தடித்த குரலில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. கணவர் கைக்குட்டையை நீட்டினார். “இதுல ஜெல் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டுவிட்டு வாங்கித் துடைத்துக்கொண்டார்.

கணவர் ஜெல்லை விட்டுவிட்டு ஊசிக்கு மாறினார். இரண்டு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் மைக் அக்காவின் ஹார்மோன் அளவு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது. மோவாய் முடியும் மெலிந்தது. குரல் பாதிதான் திரும்பியது. மீதி இனி வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதில் மைக் அக்காவுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

தாளைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா முதலில், “அப்பாடா” என்றார். அப்புறம், “போனை உன் வீட்டுக்காரர்கிட்ட குடு” என்றார்.

கணவர் போனைக் காதில் வைத்தபடி கால் மணி நேரம் நின்றார். “சரிங்கண்ணி, சரிங்கண்ணி” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.